உலகக் கோப்பையை வென்ற ஜெர்மனிக்கு மூன்றாம் இடம், நான்காவதாக வந்த அமெரிக்காவுக்கு முதலிடம்: கூடைப்பந்து தரவரிசையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி | எழுதியவர்: கூடைநேசன்

அனைவருக்கும் வணக்கம். 2023 செப்டம்பரில் மணிலாவில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஜெர்மனி செர்பியாவை 83–77 என்ற கணக்கில் வென்றது. அந்தத் தொடரில் அது ஆடிய எட்டு ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அரையிறுதியில் அமெரிக்காவையே 113–111 என்று வீழ்த்தியது. அமெரிக்கா அடுத்து வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் கனடாவிடம் கூடுதல் நேரத்தில் தோற்று நான்காம் இடத்துடன் ஊர் திரும்பியது. ஸ்பெயின் காலிறுதியைக்கூட எட்டாமல் ஒன்பதாம் இடத்தில் நின்றது.

இவ்வளவும் நடந்து முடிந்த பிறகு, பன்னாட்டுக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா வெளியிட்ட ஆடவர் தரவரிசையில் முதலிடம் அமெரிக்காவுக்கும், இரண்டாமிடம் ஸ்பெயினுக்கும், மூன்றாமிடம் ஜெர்மனிக்கும் கிடைத்தது. ஜெர்மனி பதினோராம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறியது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் தன்னிடம் தோற்ற அணிக்குப் பின்னால் உலகச் சாம்பியன் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

தரவரிசையே தவறு என்று சொல்ல நான் வரவில்லை. அதன் கணக்கு எனக்குப் புரியவில்லை, அவ்வளவுதான். ஓர் ஆட்டத்துக்கு எத்தனை புள்ளிகள் தருகிறார்கள், தோற்றால் புள்ளிகளைப் பிடித்துக்கொள்கிறார்களா, பல ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்டம் இன்றைய இடத்தைத் தீர்மானிக்க முடியுமா என்பவற்றை விவரம் அறிந்தவர்கள் ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 | எழுதியவர்: புள்ளிக்கணக்கர்

உங்கள் குழப்பம் நியாயமானது. கணக்கைத் தெரிந்துகொள்ளும்வரை எனக்கும் அதே வருத்தம் இருந்தது. முதலில் இந்த முறை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

2017 அக்டோபர் வரை ஃபிபாவின் தரவரிசை, ஒவ்வோர் அணியும் பெரிய தொடர்களில் எத்தனையாவது இடத்தில் முடித்தது என்பதை மட்டும் பார்த்தது. இரண்டு ஒலிம்பிக் சுழற்சிகளில், அதாவது எட்டு ஆண்டுகளில் பெற்ற இடங்களுக்குப் புள்ளி கொடுத்துக் கூட்டினார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கமும் அர்ஜென்டினா வெண்கலமும் வென்றபோது, தரவரிசையில் முதலிடத்துக்குப் போனது அர்ஜென்டினாதான். 2002 உலகத் தொடரில் வெள்ளி, 2004 ஏதென்ஸில் தங்கம், 2006இல் நான்காமிடம், 2008இல் வெண்கலம் என்று அது சேர்த்து வைத்திருந்ததை அமெரிக்காவின் ஒரு தங்கத்தால் தாண்ட முடியவில்லை. ஆகவே நீங்கள் இன்று கேட்கும் கேள்வி பழைய முறையிலும் எழுந்த கேள்விதான்.

2017இல் வந்த முறை தொடரின் முடிவு இடத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. ஒவ்வோர் ஆட்டத்தையும் தனித்தனியாக எடுத்து மதிப்பிடுகிறது. ஓர் ஆட்டத்துக்கு 1000 அடிப்படைப் புள்ளிகள் என்று வைத்து, அவற்றை இரு அணிகளுக்கும் பங்கிடுகிறார்கள். வித்தியாசம் 1 முதல் 9 புள்ளிகள் வரை என்றால் வென்றவருக்கு 600, தோற்றவருக்கு 400. வித்தியாசம் 10 முதல் 19 வரை என்றால் 700, 300. இருபதும் அதற்கு மேலும் என்றால் 800, 200. அறுபது புள்ளியில் வென்றாலும் 800தான், 801 கிடையாது. தோற்ற அணிக்கும் ஒரு பங்கு உண்டு என்பதையும், அது எவ்வளவு நெருங்கி ஆடியது என்பதைப் பொறுத்து அந்தப் பங்கு கூடும் என்பதையும் கவனியுங்கள். இங்கே யாரிடமிருந்தும் எதையும் பிடித்துக்கொள்வதில்லை.

இந்த அடிப்படைப் புள்ளியோடு இரண்டு திருத்தங்கள் சேர்கின்றன. சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு 70 குறையும், விருந்தினராகச் சென்று ஆடும் அணிக்கு 70 கூடும். பொது இடத்தில் ஆடினால் இரண்டும் இல்லை. அடுத்து, எதிரணி தரவரிசையில் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்து, வலுவான எதிரணி என்றால் சிறிது கூட்டியும் பலவீனமான எதிரணி என்றால் சிறிது குறைத்தும் கொள்கிறார்கள். இதுதான் அந்த ஓர் ஆட்டத்தின் மதிப்பு.

இதன் பிறகுதான் எடை வருகிறது. உலகக் கோப்பை, ஒலிம்பிக் ஆட்டங்களுக்கு எடை அதிகம்; தகுதிச்சுற்று ஆட்டங்களுக்குக் குறைவு; ஒரே தொடருக்குள்ளும் முதற்சுற்றைவிடப் பதக்கச் சுற்றுக்கு எடை கூடுதல். ஆட்டம் பழசாகப் பழசாக அதன் எடை படிப்படியாகத் தேய்ந்து, எட்டு ஆண்டுகள் ஆனதும் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். இந்த எடைகளோடு எடுத்த சராசரிதான் நாம் பட்டியலில் காணும் எண். கூட்டுத்தொகை என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் ஒன்றும் புரியாது. சராசரி என்று பார்த்தால் பெரும்பாலான புதிர்கள் அவிழ்ந்துவிடும்.

இப்போது நீங்கள் கேட்ட எடுத்துக்காட்டு. எடை, எதிரணித் திருத்தம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, 2023 உலகக் கோப்பையின் அடிப்படைப் புள்ளிகளை மட்டும் கையால் போட்டுப் பார்ப்போம்.

ஜெர்மனி ஜப்பானை 81–63 என்று வென்றது, அதற்கு 700. ஆஸ்திரேலியாவை 85–82 என்று வென்றதற்கு 600. பின்லாந்தை 101–75, ஜார்ஜியாவை 100–73, ஸ்லோவேனியாவை 100–71 என்று வென்ற மூன்றுக்கும் தலா 800. காலிறுதியில் லாத்வியாவை 81–79, அரையிறுதியில் அமெரிக்காவை 113–111, இறுதியில் செர்பியாவை 83–77 என்று வென்ற மூன்றுக்கும் தலா 600. மொத்தம் 5500, எட்டால் வகுத்தால் 687.5.

அமெரிக்கா நியூசிலாந்தை 99–72, கிரீஸை 109–81, ஜோர்டானை 110–62 என்று வென்றதற்குத் தலா 800. மாண்டினீக்ரோவை 85–73 என்று வென்றதற்கு 700. லித்துவேனியாவிடம் 104–110 என்று தோற்றதற்கு 400. காலிறுதியில் இத்தாலியை 100–63 என்று வென்றதற்கு 800. ஜெர்மனியிடம் இரண்டு புள்ளியிலும், கனடாவிடம் 118–127 என்று ஒன்பது புள்ளியிலும் தோற்றதற்குத் தலா 400. மொத்தம் 5100, எட்டால் வகுத்தால் 637.5.

எட்டிலும் வென்ற சாம்பியனுக்கும், மூன்றில் தோற்று நான்காவதாக வந்த அணிக்கும் இடையில் சராசரியில் வெறும் 50 புள்ளிதான் வித்தியாசம். ஜெர்மனி தன் முக்கியமான வெற்றிகளை மயிரிழையில் பெற்றது. அமெரிக்கா தோற்ற மூன்றையும் ஒற்றை இலக்க வித்தியாசத்தில் தோற்றது, வென்றவற்றைப் பெரிதாக வென்றது. ஸ்பெயினின் ஐந்து ஆட்டங்களையும் இதேபோல் போட்டால், ஐவரி கோஸ்ட்டை 94–64, ஈரானை 85–65 என்று வென்றதற்குத் தலா 800, பிரேசிலை 96–78 என்று வென்றதற்கு 700, லாத்வியாவிடமும் கனடாவிடமும் சிறிய வித்தியாசத்தில் தோற்றதற்குத் தலா 400 என 3100 வரும், சராசரி 620. ஒன்பதாவதாக வந்த அணி நான்காவதாக வந்த அணிக்கு வெகு அருகில் நிற்கிறது பாருங்கள்.

உண்மைக் கணக்கில் பதக்கச் சுற்றின் எடையும் எதிரணித் திருத்தமும் சேரும்போது ஜெர்மனியின் முன்னிலை இன்னும் விரியும். இருந்தாலும் அந்த விரிவு ஏழெட்டு ஆண்டுகளின் சேமிப்பை ஒரே தொடரில் தாண்டும் அளவுக்குப் போதவில்லை. ஜெர்மனி 2016 ரியோ ஒலிம்பிக்கில் இல்லை. 2019 உலகக் கோப்பையில் 18ஆம் இடத்தில் முடித்தது. அந்த ஆட்டங்களும் 2023ஆம் ஆண்டின் சராசரிக்குள் இருந்தன.

மறுமொழி 2 | எழுதியவர்: கூடைநேசன்

கேட்டதற்கு மேலாகவே சொல்லியிருக்கிறீர்கள், மிக்க நன்றி. எட்டு ஆட்டங்களையும் நானும் தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்தேன். அதே எண்தான் வந்தது. 50 புள்ளி என்ற அந்த இடைவெளியைக் கண்ட பிறகுதான் பட்டியல் கண்ணுக்குப் பிடிபட்டது.

ஆனால் சராசரி என்று சொன்னதிலிருந்து இன்னொரு ஐயம் எழுகிறது. ஏற்கெனவே உயர்ந்த சராசரி வைத்திருக்கும் அணி ஓர் ஆட்டத்தை வென்றும் புள்ளி இழக்க முடியுமா? அப்படியே ஆடாமல் சும்மா இருக்கும் அணியின் இடம் மாறுமா? 2022 நவம்பரில் ஸ்பெயின் முதன்முறையாக முதலிடத்துக்கு வந்து அமெரிக்காவின் பன்னிரண்டு ஆண்டு ஆதிக்கத்தை முடித்ததே, அது அந்த ஆண்டு ஐரோப்பியக் கோப்பையை வென்றதால் மட்டும் நடந்ததா?

மறுமொழி 3 | எழுதியவர்: எட்டாண்டுச் சாளரம்

மூன்றுக்கும் நான் பதில் சொல்ல முயல்கிறேன்.

வென்றும் இழக்கலாம். சராசரி 780 வைத்திருக்கும் ஓர் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். அது சொந்த மண்ணில் பட்டியலின் கீழே இருக்கும் ஓர் அணியை எட்டுப் புள்ளி வித்தியாசத்தில் வெல்கிறது. அடிப்படை 600, சொந்த மண் என்பதால் 70 குறைந்து 530, எதிரணி பலவீனமானது என்பதால் இன்னும் கொஞ்சம் குறையும். 780 சராசரிக்குள் 530ஐ நுழைத்தால் சராசரி இறங்காமல் என்ன செய்யும்? தகுதிச்சுற்று ஆட்டம் என்பதால் எடை குறைவு, எனவே இறக்கமும் சிறியதாக இருக்கும். ஆனால் இறக்கம் இறக்கம்தான். மறுபுறம், 300 சராசரி வைத்திருக்கும் ஓர் அணி முன்னணி அணியின் மண்ணுக்கே போய் மூன்று புள்ளியில் தோற்றால் 400, அதோடு 70, அதோடு எதிரணித் திருத்தம் எல்லாம் சேர்ந்து அதன் சராசரியை உயர்த்தும். தோல்வியால் உயர்வதும் வெற்றியால் தாழ்வதும் இந்த முறையில் இயல்பாக நடப்பவை.

ஆடாமலே இடம் மாறும் என்பதற்குக் காரணம் எட்டாண்டு வரம்பு. ஸ்பெயின் முதலிடத்துக்கு வந்த கதையை எல்லோரும் 2022 செப்டம்பரில் பெர்லினில் பிரான்ஸை 88–76 என்று வென்ற ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய காரணம்தான். அதே மாதத்தில் அமெரிக்கா, தன் பெரிய நட்சத்திரங்கள் இல்லாத அணியோடு அமெரிக்கக் கண்டக் கோப்பைக்குப் போய், அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் 73–82 என்று தோற்று வெண்கலத்தோடு திரும்பியது இரண்டாவது காரணம். என் கணிப்பில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதை யாரும் பேசுவதில்லை.

2014 ஆகஸ்டு, செப்டம்பரில் ஸ்பெயினில் நடந்த உலகக் கோப்பையை நினைவுகூருங்கள். அமெரிக்கா ஒன்பது ஆட்டங்கள் ஆடியது. பின்லாந்தை 59 புள்ளியில் வென்றதில் தொடங்கி, இறுதியில் செர்பியாவை 129–92 என்று வென்றது வரை ஒன்பதிலுமே வித்தியாசம் இருபதுக்கு மேல். மிக நெருங்கி வந்த துருக்கிகூட 77–98 என்று 21 புள்ளியில் தோற்றது. புதிய முறையின் கண்ணால் பார்த்தால் அவை ஒன்பதும் 800 புள்ளி ஆட்டங்கள், அதுவும் உலகக் கோப்பை ஆட்டங்கள். 2022 செப்டம்பர் நடுவில் அவற்றுக்கு எட்டு ஆண்டு நிறைந்தது. நவம்பர் பட்டியல் வெளிவந்தபோது அவை கணக்கில் இல்லை. அவற்றின் எடை அதற்குள் வெகுவாகத் தேய்ந்திருந்தது உண்மை. ஆனால் இரண்டு அணிகள் தோளோடு தோள் உரசி நிற்கும்போது தேய்ந்த எடையும் தராசை அசைக்கும். ஸ்பெயினும் அதே தொடரில் பெற்ற வெற்றிகளை இழந்தது. கூடவே காலிறுதியில் சொந்த மண்ணில் பிரான்ஸிடம் 52–65 என்று தோற்ற ஆட்டமும் அதன் கணக்கிலிருந்து மறைந்தது.

2019 உலகக் கோப்பையில் அமெரிக்கா ஏழாம் இடத்தில் முடித்தும் முதலிடத்தை இழக்கவில்லை என்று அன்று பலர் கோபப்பட்டார்கள். அன்று அந்த அணியைத் தாங்கி நின்றது 2014, 2016 ஆட்டங்கள். தாங்கியவை ஒவ்வொன்றாக விலகியபோது 2022இல் சரிவு வந்தது. ஆகவே ஒரு தரவரிசைப் பட்டியலைக் கையில் எடுக்கும்போது, புதிதாக எந்த ஆட்டம் உள்ளே வந்தது என்பதோடு எந்த ஆட்டம் வெளியே போனது என்பதையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கத்தை நான் வைத்திருக்கிறேன்.

மறுமொழி 4 | எழுதியவர்: ஸ்கோர் மேசை

நான் பல ஆண்டுகள் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்து ஆட்டக் குறிப்பேடு எழுதியவன். கணக்கைப் பற்றி மேலே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் 9, 19 என்ற அந்த எல்லைக்கோடுகளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்.

ஆட்டம் முடிய இருபது நொடி இருக்கும்போது ஓர் அணி 18 புள்ளி முன்னிலையில் பந்தை வைத்திருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். வழிவழியாக வந்த மரியாதை என்னவென்றால், பந்தாடுபவர் நடுக்கோட்டருகே நின்று நேரத்தைக் கழியவிடுவார். எதிரணி வீரர்களும் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார்கள். மணி ஒலித்ததும் கைகுலுக்குவார்கள். மேசையில் இருக்கும் நாங்களும் அந்த நொடிகளில் பேனாவை மூடத் தொடங்கிவிடுவோம். அதே இடத்தில் ஒரு பயிற்சியாளர் எழுந்து நின்று எறியச் சொல்லிக் கை காட்டினால் அரங்கமே முகம் சுளிக்கும். ஆனால் இந்தக் கணக்குப்படி அந்த ஒரு கூடை விழுந்தால் 700 என்பது 800 ஆகிறது, எதிரணியின் 300 என்பது 200 ஆகிறது. முழு நாற்பது நிமிட ஆட்டத்தில் 10 புள்ளிக்கும் 18 புள்ளிக்கும் இடையே தரவரிசை எந்த வேறுபாட்டையும் காண்பதில்லை. 9க்கும் 10க்கும் இடையேயும் 19க்கும் 20க்கும் இடையேயும் மட்டும் நூறு புள்ளிப் பள்ளத்தைக் காண்கிறது. இதை நான் குறையாகவே கருதுகிறேன்.

எல்லையே வேண்டாம், முழு வித்தியாசத்தையும் எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அது இன்னும் கெடுதல் செய்யும். பலவீனமான அணியை 70, 80 என்று நசுக்குவதற்குப் பரிசு கொடுப்பதாக முடியும். இருபதோடு நிறுத்தியது நல்ல முடிவு. அந்த இருபதுக்குள் படிக்கட்டாக ஏறாமல் சரிவுப் பாதையாக, ஒரு புள்ளிக்கு இவ்வளவு என்று சீராக ஏறும்படி வைத்திருந்தால் இந்தப் பள்ளங்கள் இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

கூடுதல் நேர ஆட்டங்களையும் பாருங்கள். புள்ளிக்கணக்கர் சொன்ன அமெரிக்கா–கனடா ஆட்டம் நாற்பது நிமிடம் சமநிலையில் நின்ற ஆட்டம். கூடுதல் ஐந்து நிமிடத்தில் கனடா ஒன்பது புள்ளி முன்னேறியது. இன்னும் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோ விழுந்திருந்தால் வித்தியாசம் பத்தாகி, அமெரிக்காவின் பங்கு 400இலிருந்து 300 ஆகியிருக்கும். நாற்பது நிமிடம் யாராலும் பிரிக்க முடியாத இரு அணிகளுக்கு 700, 300 என்று எழுதுவது நடந்ததைச் சொல்லும் எண்ணாக எனக்குத் தோன்றவில்லை.

மறுமொழி 5 | எழுதியவர்: தகுதிச்சுற்று வாசகி

இங்கே பேசப்படாத ஒன்றை நான் சேர்க்க விரும்புகிறேன். இந்தத் தரவரிசை நாட்டை மதிப்பிடுகிறது. களத்தில் நின்ற பன்னிரண்டு பேர் யார் என்று அது கேட்பதில்லை.

2017 நவம்பர் முதல் உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றுகள் சொந்த மண், எதிர் மண் என்று மாறிமாறி, ஆண்டின் இடையிடையே சில நாள் இடைவெளிகளில் நடக்கின்றன. நவம்பரிலும் பிப்ரவரியிலும் அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏ.வின் பருவம் உச்சத்தில் இருக்கும். அங்கே ஆடுபவர்களை அணிகள் விடுவிப்பதில்லை. ஆகவே அந்த ஆட்டங்களுக்கு அமெரிக்கா பெரும்பாலும் இரண்டாம் நிலைத் தொழில்முறை லீக் வீரர்களைத் திரட்டி அனுப்புகிறது. மெக்சிகோவிடம் 2018 ஜூனில் 70–78 என்றும், 2021 நவம்பரில் 88–97 என்றும் தோற்றது அத்தகைய அணிகள். பாரிஸ் ஒலிம்பிக்கில் பிரான்ஸை 98–87 என்று வென்று தங்கம் எடுத்த அணியில் அவர்களில் யாரையும் தேட வேண்டாம். ஆனால் சராசரிக்குள் இரண்டும் ஒரே நாட்டின் பெயரில்தான் போகின்றன. இதனால் அதிகம் பாதிக்கப்படுவது, வெளிநாட்டு லீக்குகளில் சிதறிக் கிடக்கும் நான்கைந்து முக்கிய வீரர்களை நம்பி இருக்கும் நடுத்தர நாடுகள். தகுதிச்சுற்றின் எடையைக் குறைவாக வைத்திருப்பது இதற்கு ஓரளவு மருந்து.

இன்னொன்று, தரவரிசை எதற்குப் பயன்படுகிறது என்பதில் தெளிவு வேண்டும். குலுக்கலின்போது அணிகளைக் குடுவைகளாகப் பிரிப்பதற்கு இது அடிப்படை. முதல் குடுவையில் இருப்பவர்கள் முதற்சுற்றில் ஒருவரையொருவர் சந்திக்க மாட்டார்கள். உலகக் கோப்பை நுழைவுச் சீட்டை மட்டும் அது தருவதில்லை. அர்ஜென்டினா 2019 உலகக் கோப்பையில் இரண்டாமிடம் பெற்ற அணி. 2022இல் பிரேசிலை அதன் மண்ணிலேயே 75–73 என்று வென்று கண்டக் கோப்பையை எடுத்த அணி. 2023 தொடக்கத்தில் தரவரிசையில் நான்காம் இடம். அந்த பிப்ரவரியில் மார் டெல் பிளாட்டாவில் தன் ரசிகர்கள் முன்னிலையில் டொமினிக்கன் குடியரசிடம் 75–79 என்று தோற்றதும் அதன் உலகக் கோப்பைக் கனவு முடிந்துவிட்டது. அந்த இரவை நேரலையில் பார்த்த எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. உலகின் நான்காவது அணி இல்லாமலேயே 32 அணிகள் கூடின. தகுதிச்சுற்று எவ்வளவு கடுமையானது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மற்ற விளையாட்டுகளோடு ஒப்பிட்டால் ஒன்று விளங்கும். கால்பந்தில் ஃபிஃபா 2018 ஆகஸ்டு முதல் சராசரியைக் கைவிட்டுவிட்டது. அங்கே ஒவ்வோர் அணியிடமும் ஒரு கையிருப்பு இருக்கும். எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் அதில் கூட்டுவார்கள், மோசமாக ஆடினால் கழிப்பார்கள். எத்தனை கோல் வித்தியாசம், யார் மண் என்பதெல்லாம் அங்கே கணக்கில் இல்லை. நட்பு ஆட்டங்களுக்கும் குறைந்த மதிப்பு உண்டு. கூடைப்பந்தில் இது நேர்மாறு: வித்தியாசமும் மண்ணும் உண்டு, நட்பு ஆட்டங்கள் அறவே இல்லை. ஒலிம்பிக்குக்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் யார் யாரை வென்றாலும் பட்டியல் அசையாது. கிரிக்கெட்டில் ஐ.சி.சி. வைத்திருப்பதும் சராசரிதான். ஆனால் அங்கே கணக்கில் எடுக்கும் ஆட்டங்கள் நான்கு ஆண்டுக்குள் அடங்கிவிடுவதால் பழைய பெருமை நீண்ட நாள் தாங்காது. எட்டு ஆண்டு என்பது ஒரு வீரரின் சிறந்த பருவம் முழுவதையும் விழுங்கிவிடும் காலம். என்னைக் கேட்டால் ஆறு ஆண்டு போதும்.

பெண்கள் தரவரிசையும் 2019 இறுதியில் ஆட்டத்துக்கு ஆட்டம் கணக்கிடும் முறைக்கு மாறியது. மூவர் கூடைப்பந்தின் நாட்டுத் தரவரிசை வேறு வகை. அதில் தனித்தனி வீரர்கள் ஆண்டு முழுவதும் சேர்க்கும் புள்ளிகளைக் கூட்டி நாட்டுக்கு மதிப்பு தருகிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மறுமொழி 6 | எழுதியவர்: கூடைநேசன்

எல்லோருக்கும் நன்றி. ஸ்கோர் மேசை ஐயா சொன்ன எல்லைக்கோடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு, நேற்று இரவு லாத்வியாவின் 2023 உலகக் கோப்பையை நானே கணக்கிட்டேன். அது அவர்களுடைய முதல் உலகக் கோப்பை. 29ஆம் இடத்திலிருந்து 8ஆம் இடத்துக்குத் தாவினார்கள்.

லெபனானை 109–70 என்று வென்றதற்கு 800, பிரான்ஸை 88–86 என்று வென்றதற்கு 600, கனடாவிடம் 75–101 என்று தோற்றதற்கு 200, ஸ்பெயினை 74–69 என்று வென்றதற்கு 600. பிரேசிலை 104–84 என்று சரியாக இருபது புள்ளியில் வென்றார்கள், ஆகவே 800. ஒரு புள்ளி குறைந்திருந்தாலும் 700தான். காலிறுதியில் ஜெர்மனியிடம் 79–81 என்று தோற்றதற்கு 400. ஐந்தாம் இடத்துக்கான வழியில் இத்தாலியை 87–82 என்று வென்றதற்கு 600, லித்துவேனியாவை 98–63 என்று வென்றதற்கு 800. மொத்தம் 4800, சராசரி 600. ஸ்பெயினின் 620ஐவிட இது குறைவாக இருந்தும் லாத்வியா 21 இடங்கள் ஏறியதற்குக் காரணம், அதன் பழைய சராசரி தாழ்ந்திருந்ததும், 2019 உலகக் கோப்பையிலோ 2022 ஐரோப்பியக் கோப்பையிலோ அது இல்லாததால் அதிக எடையுள்ள பழைய ஆட்டங்கள் அதன் கணக்கில் குறைவாக இருந்ததும்தான் என்று புரிந்துகொள்கிறேன். எடை குறைந்த பக்கத்தில் எட்டு உலகக் கோப்பை ஆட்டங்களைச் சேர்த்தால் தராசு உடனே சாய்ந்துவிடுகிறது.

அந்தக் காலிறுதியில் கடைசி நொடியில் லாத்விய வீரர் டாவிஸ் பெர்டான்ஸ் எறிந்த மூன்று புள்ளிப் பந்து வளையத்துக்குள் விழவில்லை. விழுந்திருந்தால் 82–81, லாத்வியாவுக்கு 600, ஜெர்மனிக்கு 400. எட்டு ஆட்டச் சராசரியில் அது ஒவ்வோர் அணிக்கும் 25 புள்ளி. ஜெர்மனி அதோடு பதக்கச் சுற்றை இழந்து ஐந்தாம் இடத்துக்கான ஆட்டங்களுக்குப் போயிருக்கும். அமெரிக்காவைச் சந்தித்தே இருக்காது. நான் முதலில் கேட்ட கேள்வியும் எழுந்திருக்காது. அந்தப் பந்தின் பதிவை இன்று மீண்டும் இரண்டு முறை போட்டுப் பார்த்தேன்.